வெள்ளைப் புடவை

திருத்தணி
8-6-1948

பாவாவுக்கு,

கால் கட்டு பிரிச்சாங்களா? சோறு இறங்குதா?

வெள்ளிக்கிழமை விசாரணையில "காத்தை நான்தான் தப்பாக் கணிச்சேன்"னு சொல்லப்போறீங்கன்னு நைனா சொன்னார். சொல்லாதீங்க.

விமானம் எதிர்க்காத்துலதான் இறங்கணும், காத்துப் பக்கம் தெரிய வத்திப்போன ஏரிக்குள்ள கொம்பு நட்டு வெள்ளைப் புடவை கட்டுன்னு எழுதியிருந்தீங்க. ஊரே பார்க்குமேன்னு அதைத் துவைச்சு, கஞ்சி போட்டு, ஈரத்தோடவே கட்டிட்டேன். காத்து நல்லாத்தான் அடிச்சுது. புடவைதான் கனத்துப்போய் அசையாம தொங்கிச்சு. காத்தே இல்லைன்னு நம்பி, நீங்க காத்து போற பக்கமே இறங்கிட்டீங்க. வேகம் அடங்காம விமானம் ஏரிக்கரையில மோதிச்சு.

ஆஸ்பத்திரியில உங்க முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. லைசென்ஸ் கொடுக்குறவங்ககிட்ட இந்தக் கடிதாசியைக் காட்டுங்க.

புடவை அன்னிக்கு மத்தியானமே காஞ்சிடுச்சு. அவிழ்க்கப் போனேன், கை வரலை. லேசான காத்துக்கே பறந்துகினு இருக்குது.

உங்க மனைவி