எடை பார்க்கும் நாள்

வியாசர்பாடி,
8.2.2004

அன்புள்ள பெனிட்டோ மாமு,

நாகர்கோவிலில் மகள் வீட்டில் நீ ஒழுங்காக இருப்பாய் என்று தெரியும். ஷெர்லின் உன்னைச் சும்மா விடமாட்டாள். டயாலிசிஸில் என் பக்கத்தில் இருந்த உன் கட்டிலை அய்யாத்துரைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊசி ஏறியதும் குறட்டை. பேச்சுத் துணை போச்சு.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாத ரத்தப் பரிசோதனையில் எனக்குப் பாஸ்பரஸ் 4.6! ஐந்தரைக்குள் இருந்தால் போதும் என்பார்களே, அதற்கும் கீழே. ஷம்ஷாத் டாக்டரம்மா கைகொடுத்தார். உனக்கு எவ்வளவு? குத்துச்சண்டையில்தான் ஒருமுறைகூட என்னை ஜெயிக்கவில்லை, இதிலாவது முயற்சி செய்.

டயாலிசிஸ் ஊசி குத்தக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட பிஸ்டுலா, காதருகே வைத்தால் நன்றாக இரைகிறது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், கெங்கம்மா வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்தேன்.

உன்
ஜெயவேல்

நாகர்கோவில்,
19.2.2004

அன்பு ஜெயவேலுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷமும் வயிற்றெரிச்சலும். எனக்கு 6.1. பாஸ்பரஸ் ஏறாமல் இருக்கச் சோற்றோடு மாத்திரை போடுகிறேன், பாலை விட்டுவிட்டேன், கருவாட்டை நினைத்துப் பார்ப்பதோடு சரி. நீ குழம்பையும் பிடித்துவிட்டு 4.6 என்கிறாய். என்ன மாயமடா அது? ஷெர்லின் உன்னைக் காட்டி என்னைத் திட்டுகிறாள்.

கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். நம் ரத்தம் மெஷினுக்குப் போய்த் திரும்ப அதுதானே வழி.

பிரியமுடன்,
பெனிட்டோ

வியாசர்பாடி,
12.4.2004

மாமு,

கை நின்றுவிட்டது. காலையில் எழுந்து காதில் வைத்தேன், சத்தமே இல்லை. கெங்கம்மாவிடம் நீட்டினேன். "இன்னாய்யா, ஒண்ணுமே கேக்கலியே" என்றாள்.

இப்போது கழுத்தில் குழாய் செருகி டயாலிசிஸ் நடக்கிறது. எக்ஸ்ரேயில் கையின் ரத்தக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம். பாஸ்பரஸ் ரொம்ப நாள் கூடிக்கிடந்தால் அப்படியும் ஆகுமாம். "என் நம்பரைப் பாருங்க டாக்டரம்மா, மாசாமாசம் ஜெயிச்சுகினு கீறேன்!" என்றேன். அவருக்கே குழப்பம். லேபில் எவனோ சொதப்பியிருக்கிறான்.

முழங்கைக்கு மேலே புதிதாகப் போடப்போகிறார்கள். அதுவும் போனால் வழி குறைவு என்கிறார். நான் அசரவில்லை.

ஜெயவேல்

நாகர்கோவில்,
21.4.2004

ஜெயவேல்,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் யோசித்தேன். குத்துச்சண்டைப் போட்டிக்கு எடை பார்ப்பதற்கு முன் ரெண்டு நாள் நாம் என்ன செய்வோம்? பட்டினி. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு திருவொற்றியூர் வரை ஓட்டம். எடைமேடையை விட்டு இறங்கியதும் பிரியாணி. ரத்தப் பரிசோதனைக்கும் நீ அதைத்தான் செய்கிறாய். இல்லை என்று சொல், பார்க்கலாம்.

ரெண்டு நாள் பட்டினிக்கு நம்பர் இறங்கும். மற்ற நாளெல்லாம் குழாய் இறுகிக்கொண்டேதானே இருக்கும், மடையா? டாக்டரம்மா உன் மாத்திரையைக் கூட்டாமல் விட்டதும் அந்தப் பொய் நம்பரை நம்பித்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறதடா. நீ இல்லாவிட்டால் நான் யாரோடு மல்லுக்கட்டுவேன்? உண்மை நம்பர் இல்லாமல் இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

பெனிட்டோ

வியாசர்பாடி,
23.5.2004

பெனிட்டோ மாமு,

7.8.

பட்டினி கிடக்காமல், எப்போதும் தின்பதைத் தின்று, எப்போதும்போல மாத்திரையை மறந்துவிட்டுப் போய்க் கொடுத்த ரத்தம். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாய் வலிக்கத் திட்டினார். பிறகு மாத்திரையைக் கூட்டினார். இப்போது கெங்கம்மா அதைச் சோற்றுத் தட்டிலேயே வைத்துவிடுகிறாள். கருவாட்டையெல்லாம் பக்கத்து வூட்டு அம்முவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். வாசனை மட்டும் இந்தப் பக்கம் வருகிறது. ஒரே பேஜாரு.

புதுக் கை இரைகிறது. தையல் போட்ட அன்றே கெங்கம்மா காதை வைத்துக் கேட்டாள். "சத்தம் கீதுய்யா!" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஆக, உன் 6.1-ஐ வைத்துப் பார்த்தால் இந்த மாதம் நீ ஜெயித்துவிட்டாய். முதல் தடவை. அதைக் கொண்டாடுகிறேன் என்று பால்கோவா வாங்கித் தின்றுவிடாதே. அடுத்த மாதம் நம்பரை இறக்கிக் காட்டுகிறேன், மூணு வேளையும் சாப்பிட்டுக்கொண்டே.

உன்னிடம் தோற்றுப்போன
ஜெயவேல்