வாய்க்காலுக்குப் பழைய மணி

புத்தாயெந்தோ
14 மார்ச் 1993, ஞாயிறு மதியம்

அன்புள்ள நிபால்தோ,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். கையில் சேறு, காகிதத்தில் பட்டிருக்கும், பொறுத்துக்கொள்.

பரங்கி காய்த்திருக்கிறது! எத்தனை என்று எழுத மாட்டேன். காயை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று ஊரே சொல்கிறது. ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த நான், முகவாயால் காட்டுகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். மிகப் பெரியது நம் தேநீர்ப் பானையைவிடப் பெரியது.

நேற்று முதல் தடவையாக நம் பீன்ஸ், நம் சோளம், கொஞ்சம் பரங்கி, எல்லாம் சேர்த்துக் குழைய வேகவைத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டேன். சட்டியிலிருந்தே.

உன் கடிதம் வியாழனன்று வந்தது. முப்பதாம் தேதி சுரங்கத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து, நானும் கலாமாவுக்கு வந்துவிட வேண்டும், அந்த மண்ணில் இனி ஒன்றும் வராது என்று எழுதியிருக்கிறாய். நான்கு முறை படித்தேன். போன வருடம் எல்லாம் கருகியதை மறக்கவில்லை. மண்வெட்டியைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு நீ பேருந்து ஏறியதையும்.

இன்று காலை நடந்ததைக் கேள்.

கோடை நேரம் முடிகிறது, நேற்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொன்னது வானொலி. வைத்தேன். நம் தண்ணீர் முறை ஞாயிறு எட்டிலிருந்து ஒன்பது. சரியாக எட்டுக்கு மண்வெட்டியோடு போனேன். நம் மடை மூடியிருந்தது. தண்ணீர் நமக்கு அடுத்த முறைக்காரி தோன்யா ஒர்ஃபெலினாவின் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அவள் கரையில் நின்று சிரித்தாள்.

“ஏ படிச்ச புள்ள, இப்பத்தான் விடிஞ்சுதா உனக்கு? மணி ஒன்பதாச்சு.”

எட்டுதான், அரசாங்கமே மாற்றிவிட்டது என்றேன்.

“அரசாங்கம் மாத்தும். வாய்க்கா மாத்துமா? அறுப்பு முடியிற வரைக்கும் இங்க பழைய மணிதான்.”

நீ சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய விஷயமாகவே உனக்குத் தோன்றியிருக்காது. நான் சாந்தியாகோக்காரி, குழாயைத் திறந்து வளர்ந்தவள்.

அடுத்த முறைக்கு ஏழு நாள். காலையில் கால் சில்லிட்டாலும் மதிய வெயில் பிப்ரவரிக் கோடை வெயில்தான். நிலம் வெடித்திருக்கிறது. பரங்கி இலைகள் பத்து மணிக்கே தலை தொங்குகின்றன. கரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாயிருக்கிறது.

அவள் தன் மண்வெட்டியைக் கரையில் ஊன்றினாள். பிறகு, “உன் புருஷன் எங்க?” என்றாள், தெரியாதவள் போல.

“கலாமாவுல.”

“அங்க என்ன விளையுது?”

“செம்பு.”

“அத வேக வச்சுத் திங்கிறானா?”

சிரித்துவிட்டேன். அப்போதுதான் கேட்டாள்: “ஆகஸ்டுல வாய்க்காலத் தூர் வாரணும். என் முதுகு இந்த வருஷம் குனியாது. கூலியாளு மண்ணச் சுரண்டிட்டுப் போயிருவான். உன் புருஷன் கை எனக்குத் தெரியும், கரைய சுவர் மாதிரி வெட்டுவான். என் பங்கையும் அவன் வாரட்டும். மிச்சத் தண்ணிய நீ எடுத்துக்கோ. வருவானா?”

வருவார் என்றேன்.

யோசிக்கவில்லை, நிபால்தோ. வாய் சொல்லிவிட்டது. அவள் தன் மடையை அடைத்தாள், நான் நம்முடையதைத் திறந்தேன். தண்ணீர் முதலில் சோளத்துக்குள் நுழைந்தது, பிறகு பீன்ஸ். கடைசியில் பரங்கிக்கு. வெடிப்புகள் குடிக்கிற சத்தம் கேட்டது. வெறுங்காலோடு நின்றேன், கணுக்கால் வரை. மகிழ்ச்சியில் கை தானாக நீண்டுவிட்டது.

“விரல மடக்கு!” என்று கத்தினாள் அக்கரையிலிருந்து.

மடக்கினேன்.

இலைகள் இப்போது நிமிர்ந்து நிற்கின்றன. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

கையெழுத்து உன்னுடையது. போடாதே என்று எழுத மாட்டேன். ஆனால் உன் பெயரில் ஒரு வாக்கு இங்கே வயலுக்குள் பாய்ந்துவிட்டது, அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகஸ்ட் முதல் சனி, காலை எட்டு. அதற்குள் ஊர்க் கடிகாரமும் வாய்க்கால் கடிகாரமும் ஒத்துப்போயிருக்கும்.

மண்வெட்டியைக் கழுவி, பழைய இடத்திலேயே சாய்த்திருக்கிறேன். பிடி கொஞ்சம் ஆடுகிறது. எனக்கு அதைச் சரிசெய்யத் தெரியவில்லை.

சுரங்கத்துப் புழுதி உன் நெஞ்சில் தங்காதிருக்கட்டும்.

விரல் மடக்கிக் காத்திருக்கும்,
இஸ்மேனியா