இடது கால் பதினைந்து இன்ச்

அன்பு மகன் பர்வேஸுக்கு அத்தா பாட்சா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் இங்கே நானும் உன் அம்மாவும் உன் மனைவி ஃபாயிசாவும் இருபத்துநாலு நாள் வயசான உன் மகளும் சுகம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சத்தம் போடுவாய், உன் அம்மா பக்கத்தில் நின்று அழுவாள், நான் சொல்ல வந்தது நின்றுபோகும். மாடி வீட்டு தீனா வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான், சனிக்கிழமை உன் கையில் இதைக் கொடுப்பான், உட்கார்ந்து முழுசாகப் படி.

ஃபாயிசா தாயில்லாத பிள்ளை என்று பிரசவத்துக்கு நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம், அது உனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அவள் ஆட்சியை ஆரம்பித்துவிட்டாள். நாற்பது நாள் படுக்கையை விட்டு எழக்கூடாது, தண்ணீர் குடித்தால் தொப்பை போடும், அதனால் ஒரு மடக்கு வெந்நீர்தான். நானும் பெண்கள் விஷயம் என்று வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன், அது என் தப்பு. ஒன்பதாம் நாள் காலையில் அந்தப் பிள்ளை இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்றாள். பெத்தவளுக்குக் கால் வீங்கத்தான் செய்யும் என்று உன் அம்மா எண்ணெய் காய்ச்சி உருவிவிட உட்கார்ந்தாள், கை வைத்ததும் ஃபாயிசா போட்ட கூச்சல் வாசல் வரைக்கும் கேட்டது. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று ரெண்டு காலுமா ஒரு காலா என்று கேட்டேன். ஒண்ணுதான் மாமா, தொட்டா சூடா இருக்கு என்றாள்.

எனக்கு டாக்டர் படிப்பு தெரியாது, ஆனால் முப்பத்தாறு வருஷமாக தாம்பரத்தில் பேண்ட் தைக்கக் கால் அளவு எடுக்கிறேன். கழுத்தில் கிடந்த டேப்பைத் திரைக்கு மேல் போட்டு, முட்டிக்கு நாலு விரல் கீழே ரெண்டு காலையும் அளந்து சொல்லு மெஹர் என்றேன் உன் அம்மாவிடம். வலது பதிமூன்றேகால், இடது பதினைந்து. உன் டேப் பழசு, இழுத்துப்போச்சு என்றாள் உன் அம்மா. பழைய டேப் ஒரு காலுக்கு மட்டுமா இழுக்கும்? மறுபடி அளந்தாள், அதே பதினைந்து. அரை இன்ச் வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு, அதற்கு இடம் விட்டுத்தான் தைப்போம். ஒன்றே முக்கால் இன்ச்சை நான் யார் காலிலும் பார்த்ததில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வை, இனி அந்தக் காலை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு விஷ்ணுப்ரியா நாவலூர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், விஷயம் கேட்டதும் லீவு சொல்லிவிட்டு அவள் காரிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், நல்ல மனசு அந்தப் பிள்ளைக்கு.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தொடை வரைக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நிற்கிறது. கர்ப்பத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும், பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரம் இன்னும் கவனம் வேண்டும், அதில் ஆபரேஷன், படுக்கை, தண்ணீரும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம் என்றார் அந்த டாக்டரம்மா. உருவிவிட்டதில் துண்டு கழன்று நுரையீரலுக்குப் போயிருந்தால் இங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டீர்கள் என்றும் சொன்னார். உனக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் பர்வேஸ். யார் அளந்தது என்று அவர் கேட்க, எங்க வூட்டு டைலர்தாங்க என்றாள் உன் அம்மா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் தொழிலை அவள் பெருமையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

இப்போது முக்கியமான விஷயம். ரத்தம் உறையாமல் இருக்க தினம் ரெண்டு வேளை வயிற்றில் ஊசி, அவளே போடப் பழகிவிட்டாள். குறைந்தது மூன்று மாசம், டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட விடக்கூடாது. நேற்று சாயந்திரம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கேட்டால், பாலில் கலக்கும், நிறுத்திடுன்னு அவர் போன்ல சொன்னாரு மாமா என்கிறாள். உனக்கு அதை உன் ரூமில் இருக்கிறவன் சொன்னானாம். அவன் கிரேன் ஓட்டுகிறவன் தானே? இதை முதல் நாளே டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டோம், இந்த ஊசியோடு தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்றார். படுத்தே இரு என்றும் சொல்லாதே, ஊசி ஆரம்பித்தாகிவிட்டது, நடக்கத்தான் சொல்லியிருக்கிறார். உன் அம்மாவே இப்போது சொம்பு நிறையத் தண்ணீரோடு அவள் பின்னால் திரிகிறாள். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி, அதற்கும் தயாராகத்தான் இருக்கிறோம். அவளை அடுத்த மாசம் அங்கே கூப்பிடும் யோசனையையும் டாக்டரைக் கேட்காமல் பேசாதே.

அன்றிலிருந்து அவள் கால் அளவு எழுதிவந்த கடை ஆர்டர் புக் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். கடைசி வரி இன்று காலை எழுதியது, வலது பதிமூன்றேகால், இடது பதிமூன்றே முக்கால். அவள் நன்றாக ஆகிவிடுவாள், எனக்குச் சந்தேகமே இல்லை. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தரட்டும், தொழுகையை விடாதே, வெயிலில் தொப்பி போடு. படித்து முடித்ததும் அவளுக்குப் போன் போடு. நேற்று நான் அதட்டித்தான் போட்டுக்கொண்டாள், நீ வேண்டாம் என்றதை மீறிவிட்டோமே என்று அழுதுகொண்டே போட்டாள். சனிக்கிழமை ஊசியை நீ சொல்லி அவள் போட்டுக்கொள்ள வேண்டும்.

துஆவுடன் உன் அத்தா,
பாட்சா,
மேற்குத் தாம்பரம்.