திருச்சியில் ஒரு தட்டு அத்தோ

கோச்சடை, மதுரை
09.08.2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள பிலோமினாளுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் விலாசத்தை நம் ஐரினிடம் கேட்டு வாங்கினேன். "அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டியதுதானேப்பா?" என்றாள். போனில் என்றால் இரண்டாவது நிமிடமே நாம் சண்டைக்குப் போய்விடுவோம். அதனால் கடிதம்.

நேற்று திருச்சிக்கு வந்திருந்தேன். சிரிக்காதே, அத்தோ சாப்பிடத்தான். ஐரின் அங்கே ஹாஸ்டலில் இருந்தபோது, மாதம் ஒரு ஞாயிறு அவளைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பர்மாக்காரம்மா வண்டியில் சாப்பிடுவோமே, அந்த நூடுல்ஸ். இரண்டு வாரமாக நாக்கு அதையே கேட்டது. இங்கே கேட்டால் சாஸை ஊற்றிக் கிண்டித் தருகிறார்கள்.

காலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறி வந்து இறங்கினால், அந்தம்மாவின் தள்ளுவண்டி நின்ற இடத்தில் செல்போன் கடை. ஆட்டோ ஓட்டும் சின்னான் என்பவர்தான் சொன்னார்: "அந்தம்மா தவறிருச்சு சார். மக மீனா பாலத்துக்கு அந்தப் பக்கம் போடுது. நாலு மணிக்கு மேலதான் வரும்." நாலு மணிவரை எங்கே போவது? மாதா கோயிலில் கொஞ்ச நேரம், மீதி நேரம் ஸ்டேஷன் பெஞ்சில்.

மீனா மஞ்சள் நூடுல்ஸில் கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய் எல்லாம் விட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தாள். அதே ருசி. பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீங்க டீச்சரம்மா வீட்டுக்காரர்தானே? அப்ப எங்கம்மா வண்டிக்கு ரெண்டு பேரும் வருவீங்களே. அவங்க இப்பவும் சனிக்கிழமை தவறாம வருவாங்க. ஒரு பார்சல். இங்க கூட யாரும் வந்து நான் பாத்ததில்ல" என்றாள்.  பாதித் தட்டை வைத்துவிட்டேன்.

உன் தெருவரை வந்தேன். மாடிக் கொடியில் ஒரு புடவையும் ஒரு துண்டும் காய்ந்தன. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். நேரம் இருந்தது.

தனிஸ்லாஸ்


திருச்சி
14.08.2024

அன்புள்ள ஐரின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்று நான் ஜன்னலில் நின்றிருந்தேன். நடையிலேயே தெரிந்துவிட்டது. செருப்பைத் தேடிப் போட்டுப் படியிறங்கி வருவதற்குள் தெரு வெறிச்சென்றிருந்தது. எதிர்வீட்டு அஸ்வினி, "யாரைத் தேடுறீங்க டீச்சர்?" என்றாள். யாருமில்லை என்றேன். யாரென்று சொல்வது?

தலைமையாசிரியை வேலைக்கு நான் திருச்சி கிளம்பிய அன்று, "போனா போனதுதான். திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றீர்கள். ஒரு வாரத்தில் கூப்பிட வந்துவிடுவீர்கள் என்று பெட்டியை முழுக்கப் பிரிக்காமல் வைத்திருந்தேன். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. மே மாதம் ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது எழுதுகிறீர்கள், புளித்தண்ணீரையும் பூண்டெண்ணெயையும் பற்றி! அன்று சொன்னதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

பிலோமினாள்


கோச்சடை
19.08.2024

அன்புள்ள பிலோமி,

அன்று நான் சொன்னது தப்பு. என்னை மன்னித்துவிடு. இதை எழுத இரண்டு நாளும் ஆறு தாளும் ஆயின.

அது கோபம்கூட இல்லை. அப்போது நான் கிளார்க்காகவே ரிட்டயராகப் போகிறவன். உனக்குப் பதவி உயர்வு வந்தபோது ஆபீசில் எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். கேலி செய்வதுபோல் இருந்தது. உன்னிடமே சொல்லியிருந்தால் சிரித்துத் தீர்த்திருப்பாய்.

நீ போன மாதமே கூப்பிடக் கிளம்பினேன். திண்டுக்கல்லில் இறங்கி மதுரை வண்டியைப் பிடித்துவிட்டேன். இதை ஐரினிடம்கூடச் சொன்னதில்லை.

வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கட்டும் என்று டிவியை ஓடவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

31ஆம் தேதி, சனிக்கிழமை வருகிறேன். இந்த முறை கதவைத் தட்டுவேன். நீ திறக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடுவேன்.

உன்
தனிஸ்லாஸ்


திருச்சி
22.08.2024

அன்புள்ள ஐரின் அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்து பீரோவில் வைத்தேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன்.

31ஆம் தேதி வர வேண்டாம். கோச்சடைக்குத் திரும்பிவிடுவேன் என்றும் நினைக்க வேண்டாம். இங்கே எனக்கென்று ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டது. சில நாள் பிடிக்கிறது. சில நாள் பொழுதுக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அது என்னுடையது.

வேறொரு விஷயம். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. 28ஆம் தேதி, புதன்கிழமை மதுரையில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். ஒருநாள் தங்க வேண்டும், மறுநாள் திருச்சிக்குத் திரும்பிவிடுவேன். ஐரினுக்கு லீவு இல்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் துணைக்கு இருப்பவர் பெயர் கேட்டிருந்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, உங்கள் பெயரை எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் கணவர் என்று போட்டிருக்கிறேன்.

காலை பத்து மணிக்கு மதுரை ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிடுங்கள். கூட்டத்தில் எனக்கு முகம் தெரியாது. நீங்கள்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பிலோமி