உச்சிக்குழி வழியே தெரிந்தது

அக். 9, வியாழன்

ராத்திரி முழுக்க மழை, காலையிலும் தூறல். மந்தைவெளியில் முழங்கால் தண்ணீர். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி.

பாப்பா பிறந்து மூன்றாவது நாள். இருபத்தெட்டு வாரத்திலேயே வந்துவிட்டாள், மூச்சு விடவும் ஒரு மிஷின். இன்று 980 கிராம், பிறந்தபோது 1010. "முதல்ல குறையும், பயப்படாதீங்க" என்றார் நர்ஸ் எஸ்தர்.

தலை ஸ்கேன் எடுத்தார்கள். மிஷினை இன்குபேட்டர் பக்கத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். உச்சிக்குழியில் கொஞ்சம் ஜெல், அதன்மேல் கட்டைவிரல் அளவு ஒரு கருவி. அந்த இடத்தில் எலும்பு இன்னும் மூடவில்லை, அதனால் அது வழியே மூளை தெரியுமாம். வனிதா வயிற்றில் வைத்துப் பார்த்த அதே வகை ஸ்கேன்தான். வலிக்காது என்றார்கள்.

டாக்டர் அம்மா ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நான் லிஃப்ட் மெக்கானிக், பதினாலு வருஷம். ஒரு ஆள் ஒரே இடத்தில் மூன்றாம் முறை டார்ச் அடித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"இடது பக்கம் கொஞ்சம் ரத்தக்கசிவு இருக்கு. அடுத்த வாரம் திரும்பப் பார்ப்போம்."

வனிதா மூன்றாவது மாடி வார்டில், தையல் வலியோடு. "எப்படி இருக்கா?" என்றாள்.

"தூங்குறா."

வாங்க வேண்டியது: காட்டன் துணி, பால் பாட்டில் மூடி, வ.வுக்கு நைட்டி இரண்டு.

அக். 13, திங்கள்

மறுபடி ஸ்கேன். ரத்தக்கசிவு பெருகியிருக்கிறது. மூளைத் திசுவுக்குள்ளும் போய்விட்டதாம். முதல் ரிப்போர்ட்டில் கிரேடு இரண்டு. இன்று நான்கு. ஐந்து கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் அம்மா தனி அறைக்குக் கூப்பிட்டார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசைமேல் டிஷ்யூ பெட்டி. பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

"நடப்பாளா டாக்டர்?"

"வலது கை, வலது கால் கஷ்டப்படலாம். அந்தப் பக்கத்துக்குப் போற நரம்பெல்லாம் கசிவு இருக்கிற இடம் வழியாதான் போகுது."

"பேசுவாளா? படிப்பாளா?"

"அது இதுல தெரியாது சார். இது ஜாதகம் இல்ல. எங்க அடிபட்டிருக்குன்னு காட்டும், அவ்வளவுதான். ஒழுங்கா பிறந்திருந்தா எப்ப பிறந்திருப்பாளோ அந்தத் தேதி கிட்ட ஒரு ஸ்கேன் எடுப்போம். அது இதைவிடத் தெளிவா சொல்லும்."

"எப்ப?"

"டிசம்பர் கடைசி."

இரண்டரை மாதம். பிறகு நான் கேட்டதை இங்கே மட்டும் எழுதுகிறேன். சுவாச மிஷினை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

டாக்டர் அம்மா ஃபைலை மூடினார். "உங்க மனைவியைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கேளுங்க" என்றார்.

மாடி ஏறி வ.விடம் போனேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் கூப்பிட்டதைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

அக். 17, வெள்ளி

ரிப்போர்ட்டையும் படங்களையும் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். நான்கு நாளில் மூன்று டாக்டரிடம் டோக்கன். மயிலாப்பூரில் ஒருவர், "பாக்கணும்" என்றார். அடையாரில் ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருக்கு இது?" என்றார். என் குழந்தைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தவர் குழந்தை என்றேன்.

நடுவில் அடையார் அபார்ட்மென்ட் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. கதவு சென்சார். அரை மணி வேலை. இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இன்று தி. நகர். குழந்தைகள் நரம்பு டாக்டர். வெளியே நாற்பது பேர். எதிரே ஒரு அம்மா, கூட நாலு வயதுப் பையன். காலில் பட்டை போட்ட ஷூ, வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். எத்தனை அடி வைக்கிறான், கை மடங்குகிறதா என்று நான் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"இன்னா சார், எம் புள்ளையவே பாத்துக்கினு கீற? கேக்கணும்னா கேளு."

மன்னிப்பு கேட்டேன். போனைக் காட்டினேன். சிந்தாதிரிப்பேட்டையாம் அவர்கள். ரிப்போர்ட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இதே தான். இவனுக்கும் இதே தான் போட்டிருந்தாங்க. நடக்கவே மாட்டான்னு நெனச்சோம். பாரு, ஒரு இடத்துல நிக்கிறானா? வாயும் ஓயாது."

எனக்குள் ஏதோ குதித்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"சந்தோசப்படாத சார். ஃபிட்ஸ் வருது. மூணு மாத்திரை. அத எந்த ஸ்கேனும் சொல்லல. அப்ப பக்கத்துப் பெட்டில ஒரு பொண்ணு இருந்துச்சு. அதுக்கு ஸ்கேன் சுத்தம். இந்நேரம் வரைக்கும் அம்மான்னு கூப்பிடல." பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உம் பொண்ணு பேரு இன்னா?"

"இன்னும் வைக்கல."

"ஏன்?"

என் டோக்கன் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போகாமல் வெளியே வந்துவிட்டேன். பாண்டி பஜார் முழுக்க தீபாவளிக் கூட்டம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. நல்லதுதான்.

அக். 20, தீபாவளி

விடியலிலிருந்து வெடி. வ. டிஸ்சார்ஜ். பாப்பா உள்ளேயே. அத்தை வந்திருக்கிறார், அவர் பங்குக்கு அதிரசம்.

குளித்துவிட்டு வந்தால் வ. கையில் என் போன், ஸ்கேன் படமும் மூன்று டாக்டரின் டோக்கன் மெசேஜும்.

"மூணு டாக்டர்கிட்ட காட்டியிருக்கீங்க. எங்கிட்ட காட்டல."

எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினைப் பற்றிக் கேட்டதையும். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் நிற்கவில்லை. வ. அழவில்லை, கத்தவும் இல்லை. தெருவில் பத்தாயிரம் வாலா ஓடி முடியும்வரை காத்திருந்தாள்.

"நீங்க இதுவரைக்கும் அவளைத் தொட்டதே இல்ல. தெரியுமா உங்களுக்கு?"

தெரியும்.

பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போனோம். கண்ணாடிக்கு வெளியே நான் நின்றேன். அவள் கையை உள்ளே விட்டுப் பாப்பாவின் தலையைப் பொத்திக்கொண்டாள். வெடிச்சத்தம் கேட்கக் கூடாது என்று.

நவ. 6, வியாழன்

1380 கிராம். சுவாச மிஷின் எடுத்துப் பத்து நாள், தானே மூச்சு விடுகிறாள். தலைச் சுற்றளவு தினமும் டேப் வைத்து அளக்கிறார்கள், நீர் கோத்தால் ஆபரேஷன். இன்றுவரை இல்லை. சார்ட்டை நானும் தினமும் எட்டிப் பார்க்கிறேன். அரை சென்டிமீட்டர் கூடினால் மறுபடி அளக்கச் சொல்கிறேன்.

வ. தினமும் பாப்பாவை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்காருகிறாள். கங்காரு முறை என்கிறார்கள். நேற்றிலிருந்து வ.வுக்குக் காய்ச்சல், தையலில் சீழ். உள்ளே விட மாட்டார்கள்.

எஸ்தர் வெளியே வந்தார். "பேபி அப்பா, சட்டை பட்டனைக் கழட்டுங்க."

"கை எல்லாம் கிரீஸ் சிஸ்டர்."

"சோப்பு இருக்கு."

முழங்கைவரை மூன்று தடவை கழுவினேன். நகத்துக்குள் கறுப்பு போகவில்லை. வைத்துவிட்டார். கனமே இல்லை, சூடு மட்டும். என் மார்பு முடியில் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டாள். இடது கையால்தான். உடனே வலது கையைப் பார்த்தேன், மூடியிருந்தது. பார்த்திருக்கக் கூடாது.

நாற்பது நிமிஷம் இருக்கும். மானிட்டர் கத்தியது. மூச்சு இல்லை. என் நெஞ்சின்மேல் அவள் அப்படியே நின்றுபோனாள். உதடு நீலமாகிக்கொண்டே வருகிறது. எஸ்தர் ஓடி வந்து பாதத்தைச் சுண்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை.

"மூச்சு விடுடி" என்று கத்தினேனாம். பக்கத்து இன்குபேட்டர் அம்மா சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

விட்டாள்.

"குறைமாசக் குழந்தைங்க அப்பப்ப மறந்துடும். ஞாபகப்படுத்தணும்" என்றார் எஸ்தர், டீ கொதிக்கிறது என்று சொல்வதுபோல. கீழே இறக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துவிட்டது. கம்பெனியிலிருந்து ஒன்பது மிஸ்டு கால்.

மிஷினை எடுக்கலாமா என்று கேட்டவனும் நான்தான்.

நவ. 8, சனி

வ.வுக்குக் காய்ச்சல் இறங்கியது. ஆஸ்பத்திரியில் ஏதோ படிவம், பெயர் கேட்டார்கள். வ.வுக்குப் போன் போட்டேன்.

"நிலா" என்றாள். முன்பே யோசித்து வைத்திருக்கிறாள். தீபாவளிக்குப் பிறகு என்னிடம் தயங்காமல் சொன்ன முதல் விஷயம்.

டிச. 28, ஞாயிறு

நிலா வீட்டுக்கு வந்து மூன்று வாரம். 2640 கிராம். நாளை அந்த ஸ்கேன். வ. துணியை மடித்ததையே திரும்ப மடித்தாள். நான் நன்றாக இருக்கும் மின்விசிறியைக் கழற்றிப் பூட்டினேன்.

"என்ன வந்தாலும் என் முகத்தைப் பாக்காதீங்க. அவளைப் பாருங்க" என்றாள் வ.

டிச. 29, திங்கள்

பனி. தெருவெல்லாம் கோலம், மிதிக்காமல் வண்டியை உருட்டிக்கொண்டு நான் முன்னால், நிலாவைத் தூக்கிக்கொண்டு வ. பின்னால்.

ஸ்கேனின்போது தலையை நான் பிடித்துக்கொண்டேன். திரையில் இடது பக்கம் ஒரு கறுப்பு ஓட்டை. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கசிந்த இடம் கரைந்து குழியாகிவிட்டதாம். மூடாது.

டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "வலது பக்கம் பலவீனம் இருக்கும். அனேகமா நிச்சயம். நடை லேட் ஆகும், பட்டை வேண்டியிருக்கலாம். மத்தது எல்லாம் அவ வளர வளரத்தான்."

அனேகமா நிச்சயம். இரண்டரை மாதம் இந்த வார்த்தைக்காகவா காத்திருந்தேன்? வ.வின் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியின் கையை அவள் பிடித்திருந்தது தெரிந்தது, விரல் எல்லாம் வெளுத்து.

"இப்ப என்ன பண்றது?" என்றாள்.

"இன்னிக்கே ஆரம்பிக்கிறது. கீழே பிசியோ இருக்காங்க."

பிசியோ பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருந்தால் அதிகம். துணி மாற்றும்போதெல்லாம் செய்யச் சொன்னாள். முழங்காலை மடக்கி, வயிறுவரை கொண்டுபோய், மெல்ல நீட்டி. ஒரு காலுக்குப் பத்து. பிறகு பாதத்தை விரலால் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவளாக உதைக்கிறாளா என்று.

மாலை வீட்டில் பாயில் போட்டு வ. எண்ணினாள், நான் மடக்கினேன். இடது கால் பத்து. வலது கால் பத்து. இரண்டு பாதத்தையும் தடவிவிட்டேன்.

உதைத்தாள். என் மணிக்கட்டில், நல்ல உதை.

"எந்தக் கால்?" என்றாள் வ. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"இடது."

"இன்னொரு தடவை."

வலது பாதத்தைத் தடவினேன். காத்திருந்தோம்.