மச்சானின் கல்லீரலில் ஒரு புளியமரம்

மச்சான்,

இன்று காலை ஆஸ்பத்திரியில் என் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். மலையாளத்தில் 'பிரமேகம்' என்று எழுதியிருந்தது. எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. வருத்தப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். நர்ஸ் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். இந்தச் சொல்லால் ஒரு நாள் உங்களுக்கு மத்தியானச் சோறே கிடைக்காமல் போனது அவளுக்கு எங்கே தெரியும்!

உங்கள் வலது கால் கட்டைவிரலில் தென்னமட்டை கிழித்த புண் ஒரு மாதமாக ஆறவில்லை. மலையாள எல்லையில், எருத்தேன்பதிப் பக்கம் நான் வேலை பார்த்த லேபுக்கு உங்களை இழுத்துக்கொண்டு போய் நானே ரத்தம் எடுத்தேன். அக்காவுக்கு மலையாளம் படிக்கத் தெரியாதே என்று, ரொம்பப் புத்திசாலியாக, டாக்டர் எழுதிய சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்: 'பிரமேகம் உண்டு'. மலையாளத்தில் அது சர்க்கரை நோய். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு சுவரில் லாட்ஜ் வைத்தியர்கள் ஒட்டுகிற நோட்டீசிலோ அது ரகசிய நோய். அக்கா படித்திருந்தது அந்த நோட்டீசைத்தான்.

மத்தியானம் போன் வந்தது. "ஏன்டா, இந்த மனுசன் வாரம் தவறாம பொள்ளாச்சிக்குத் தேங்கா விக்கப் போறாருன்னல்ல நெனச்சிட்டிருந்தேன்! என்ன வாங்கிட்டு வந்திருக்காரு பாத்தியா? நான் பையத் தூக்கிட்டு அங்க வர்றேன்!"

வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் களத்தில் கட்டிலில் பசியோடு உட்கார்ந்திருந்தீர்கள். "மாப்ளே, எனக்கு என்ன சீக்குன்னு சொல்லிப்போட்டாவது திட்டச் சொல்லு உங்கக்காள" என்றீர்கள். சர்க்கரைதான் என்று நான் சொன்னதும் அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "சக்கரையா? அட, அவ்வளவுதானா!" என்று அந்தச் சந்தோசத்திலேயே கச்சாயம் சுட உள்ளே போய்விட்டாள். நெய்யும் வெல்லமும் மணக்க ஐந்து கச்சாயம் தின்றீர்கள். லேப் வேலைக்காரன் நான், வாயை மூடிக்கொண்டு இரண்டு தின்றேன்.

அடுத்த வாரம் விரல் கறுக்கத் தொடங்கியது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டி வரும் என்றார் டாக்டர். நீங்களோ மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்றீர்கள். என் லேப் பொய் சொல்கிறதாம். "நேத்துப் பொழுது சாஞ்சதுல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. அப்பறம் காலைல சக்கரை எங்கிருந்து மாப்ளே வருது? உன்ற மிசினத் தூக்கி வாய்க்கால்ல போடு."

அன்று தோட்டத்தில் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாகச் சொன்னேன்: தின்ற சர்க்கரை எல்லாம் ரத்தத்தில் நிற்பதில்லை. கல்லீரல் அதை மணி மணியாகக் கோத்துக் கிளைகோஜன் என்று சேர்த்து வைக்கும். நடுவில் ஒரு சின்னப் புரதம். அதிலிருந்து சரங்கள் கிளம்பி, பத்துப் பன்னிரண்டு சர்க்கரை மணிகளுக்கு ஒருமுறை கிளை பிரிந்து, அந்தக் கிளையும் பிரிந்து...

"தென்னையாட்டவா, புளியாட்டவா?" என்று குறுக்கே கேட்டீர்கள்.

அடடா, மச்சான்! இத்தனை வருசத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. புளிதான். தென்னைக்கு ஒரே உச்சி, ஒரு ஆள்தான் ஏறலாம். புளிக்கு எத்தனையோ நுனி. சுற்றி நின்று எத்தனை பேரும் பறிக்கலாம். பசி வந்தால் உடம்பு எல்லா நுனியிலும் ஒரே நேரத்தில் கைவைத்துச் சர்க்கரையைக் கழற்றும். போதும், நிறுத்து, சேர்த்து வை என்று சொல்வது இன்சுலின். உங்கள் கல்லீரலுக்கு அந்தப் பேச்சு காதில் ஏறவில்லை. நீங்கள் பட்டினி கிடந்தாலும் அது பாட்டுக்கு உலுக்குகிறது. போதாததற்குப் புதிதாகச் சர்க்கரை செய்தும் விடுகிறது. மாத்திரை அதைத்தான் அடக்கும் என்றேன்.

வயிற்றின் வலது பக்கத்தைத் தடவிப் பார்த்தீர்கள். "அப்பக் களவு ஊட்டுக்குள்ளயே நடக்குதுன்னு சொல்லு. எங்க அந்த மாத்தர?"

அதற்குப் பிறகு ஒரு வேளை தவறவிடவில்லை நீங்கள். கச்சாயம் மணத்தால் தோட்டத்துக்கு ஓடிவிடுவீர்கள். நாலு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்த அன்று, ஆறிய விரலை அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்துக்க, பொள்ளாச்சி வெரலு!" என்றீர்கள். அவள் கரண்டியை ஓங்க, நீங்கள் களத்தைச் சுற்றி ஓடினீர்கள். நொண்டாமல் ஓடினீர்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போன தை மாதம் நீங்கள் கண்ணை மூடியபோது, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட மைத்துனன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். துணிக்கிழிசலை எடுத்துக்கொண்டு குனிந்தேன். கட்டுவதற்கு இரண்டு விரல் இருந்தது, மச்சான். அழுதுகொண்டிருந்த எனக்கு அப்படியொரு பெருமை பொங்கியது. நிமிர்ந்தால், தலைமாட்டில் அக்காவும் அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த லேபில் யார் யாருக்கோ ரத்தம் எடுத்த கை இது. இதில் இன்னும் நிற்பது அந்த முடிச்சைப் போட்ட சந்தோசம்தான்.