கவ்வானுக்கு எதிரான மனு

1998 ஜூன் 2, செவ்வாய்

இன்றும் தவராசா அண்ணை யன்னல் பக்கம் திரும்பியிருந்து சாப்பிட்டார். சோமபால சாமான் அறையை விட்டு வெளியே வரவேயில்லை. நடுவில் நானும் அஸீமும் இருந்து, யார் வீட்டு இடியப்பம் மெது என்று யாருக்கும் தேவையில்லாத ஒரு கதையை அரை மணித்தியாலம் இழுத்தோம். பதின்மூன்று நாளாக இதே கூத்து. இரண்டு பேரும் இந்தக் கந்தோருக்கு ஒரே நாளில் வேலைக்கு வந்தவர்கள். தமிழர் ஒருவர் படம் வரைகிறார், சிங்களவர் மற்றவர் சாமான் அறையைப் பார்க்கிறார். பதினெட்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள்.

எல்லாம் அந்த விளையாட்டால் வந்தது. கொண்டுவந்தவள் நான்தான், அதையும் எழுதத்தான் வேண்டும். போன வருடம் உப்புவெளியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பொறியியலாளர் ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். திறந்தால் யுத்த விளையாட்டு. எங்கோ தொலைவில் ஒரு கோள். அதன் வரைபடம் முழுக்கத் தேன்கூட்டுக் கட்டம். அதில் இறங்கிச் சண்டை பிடிக்கச் சிவப்புப் படை ஒன்று, நீலப் படை ஒன்று, படைக்கு மூன்று ஆளும் ஒரு சாமான் வண்டியும். மூன்றாவது, அந்தக் கோளிலேயே வாழும் வேட்டை மிருகங்களாம். பெட்டிக்குள் அவற்றின் பொம்மைகள் இருக்க வேண்டிய பள்ளம் மட்டும் வெறுமை. விதிப் புத்தகத்திலும் மிருகங்களின் பக்கங்களைக் கறையான் வேட்டையாடி முடித்திருந்தது.

சரி, மனிதரே போதும் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விளையாடத் தொடங்கினோம். சோமபால சிவப்பு, தவராசா அண்ணை நீலம், நான் நடுவர், அஸீம் இரண்டு பக்கமும் புத்தி சொல்கிறவன். நீல ஆள் ஆற்றைக் கடந்தால் சோமபால விரலை வைத்து மறித்து, சோதனைச் சாவடிக்காரர் மாதிரி, “நில்! ஐ.சி. எங்க?” என்று அடையாள அட்டை கேட்பார். ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் சிரிப்போம். எல்லோரையும் விடத் தவராசா அண்ணைதான் கூடச் சிரிப்பார்.

மே 20ஆம் திகதியும் சொன்னார். இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு இரண்டு நாள் உள்ளே இருந்த தவராசா அண்ணையின் தம்பி, அதற்கு முதல் நாள்தான் வெளியே வந்திருந்தான். சோமபாலவுக்கு அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அண்ணை கையால் முழுக் கட்டத்தையும் வழித்து நிலத்தில் போட்டுவிட்டு எழும்பிப் போனார்.

ஜூன் 3, புதன்

மழை இல்லை. கரண்ட் இல்லை. கதையும் இல்லை.

ஜூன் 5, வெள்ளி

அஸீம் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டவன் வாசலில் நின்று சொன்னான்: “அக்கா, சிவப்பும் நீலமும் மட்டும் எண்டா இப்பிடித்தான் முடியும். ரெண்டு பேரையும் திங்கிற ஒண்டு வேணும்.”

பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் எனக்குப் பின்னேரம் முழுக்க வேலை ஓடவில்லை. கறையான் தின்ற மிருகத்தை நான் ஏன் திரும்ப உண்டாக்கக் கூடாது? இரண்டு படையையும் துரத்துகிற ஒன்று வந்தால், “ஓடு” என்றாவது இவர் அவருக்குச் சொல்லத்தானே வேண்டும்? அந்த ஒரு சொல் போதும் எனக்கு.

ஜூன் 8, திங்கள்

முதல் மிருகம் பிறந்தது. நாலு கால், நீளப் பல், முதுகில் வடிவான கோடுகள். அஸீமிடம் காட்டினேன். அவன் படத்தைப் பார்த்தான், உடனே கதவைப் பார்த்தான்.

“அக்கா, இதில கோடு கிடக்கு.”

“வடிவுக்குப் போட்டனான்.”

“வடிவுக்கோ! முதல்ல அழியுங்கோ.”

கோட்டை அழித்தால் மிருகம் மொட்டையாக நின்றது. பாவமாக இருக்கவே கழுத்தைச் சுற்றி நிறைய மயிர் வைத்தேன். அஸீம் தலையில் கை வைத்துவிட்டான். “இப்ப கொடியில இருக்கிறதைக் கீறி வச்சிருக்கிறீங்க!”

ஜூன் 11, வியாழன்

மூன்று நாளாக யோசித்துக் கண்டுபிடித்தது: இந்த நாட்டில் மிருகம் மிச்சமில்லை. புலி முடிந்தது, சிங்கம் முடிந்தது. யானை ஒரு கட்சியின் சின்னம். மிருகத்தை விட்டு மரத்துக்குப் போனால் அதுவும் கட்சி. சூரியனும் கட்சி. கடைசியில் கதிரை மாதிரி நாலு காலில் நடக்கிற ஒன்றைக் கீறிவிட்டுப் பார்த்தால், கதிரையும் கட்சி! வேற்றுக் கோளில்கூட ஒரு சீவனுக்குச் சொந்த முகம் இல்லை. சீ, என்ன நாடு இது என்று பென்சிலை எறிந்தேன். பிறகு தேடி எடுத்தேன், அது நல்ல பென்சில்.

பின்னேரம் கடற்கரையில் மீன் வாங்க நின்றபோது, வலை இழுத்த ஒருவர் தண்ணீருக்குள் நின்ற மற்றவரைப் பார்த்துக் கத்தினார்: “காலை இழுத்து நட, மணலுக்குள்ள திருக்கை கிடக்கும்!”

மீனை வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்தேன்.

முகம் எதற்கு? முகமே வேண்டாம். கண் இல்லை, தலை இல்லை, வால் இல்லை. அந்தக் கோளின் புழுதிக்குள் தட்டையாகப் படுத்திருக்கும். மூன்று கட்டத்துக்குள் எது அசைந்தாலும் அதிர்வு தெரியும். எழும்பும், கவ்வும், விழுங்கும். விழுங்கினால் இரண்டு சுற்றுக்கு அசைய ஏலாது, வயிறு மேலே தெரியும். அப்போது மட்டும்தான் சுடலாம். அதுவும் நாலு பேர் சேர்ந்து சுட்டால்தான் சாகும். ஒவ்வொரு படைக்கும் மூன்று பேர்தான் என்பது எனக்குத் தெரியாதா என்ன!

பெயர்: கவ்வான்.

ஜூன் 12, வெள்ளி

வரைபடம் ஒருநாளும் கந்தோர் மேசை லாச்சியை விட்டு வெளியே வராது. ஆறும் மலையும் முகாமும் கீறிய தாளை வைத்துக்கொண்டு, இது வேறொரு கோள் என்று யாருக்கு விளங்கப்படுத்துவது? ஆனால் கவ்வானின் படம் பையில் இருந்தது. சோதனைச் சாவடியில் நின்ற பெண் பொலிஸ் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன மீன்?”

“மீன் இல்லை. மிருகம்.”

“கடிக்குமா?”

“ஓம். கால் சத்தம் கேட்டால் கடிக்கும்.”

தன் சப்பாத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார். “போங்க, போங்க” என்று சிரித்தபடி படத்தைத் தந்தார்.

அஸீமுக்கு இந்த மிருகம் பிடித்துவிட்டது. “ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க. எங்கட மாமாவைத் தவிர. அவரும் சாப்பிட்டா ரெண்டு மணித்தியாலம் அசைய மாட்டார்.”

ஜூன் 15, திங்கள்

கவ்வான் செய்ய யன்னல் கண்ணாடிக்குப் பூசும் பட்டி வேண்டும். பட்டி சாமான் அறையில். படிவம் நிரப்பிக்கொண்டு போனேன்.

“எந்த யன்னல், மிஸ்?” என்றார் சோமபால.

எனக்குப் பொய் வராது. படத்தையும் விதித் தாளையும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, விதிகளை முதலில் இருந்து கடைசி வரை வாசித்தார். சாமான் அறைக்காரர் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் வரமாட்டன்.” கொஞ்ச நேரம் பட்டியைக் கையில் உருட்டினார். “நான் தெரிஞ்சு சொன்னதில்ல, மிஸ். பிறகுதான் தெரியும். இப்ப என்ன முகத்தோட போய் இருக்கிறது?”

அப்போ இதுதான் விஷயம். ஒருவருக்குக் கோபம், மற்றவருக்கு வெட்கம். நாங்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 17, புதன்

அரங்கேற்றம். அஸீம் சிவப்பு. தவராசா அண்ணை “சும்மா பார்ப்பம்” என்று யன்னலை விட்டு வந்து நீலத்தின் முன்னால் இருந்தார். நான் கவ்வான். எட்டாவது சுற்றில் சிவப்பு முழுக்க என் வயிற்றில்!

நடுவில் துறைமுகப் பக்கம் சுழியோடிகள் வராமல் கடற்படை வழமைபோலத் தண்ணீருக்குள் வெடி போட, மேசை அதிர்ந்து கவ்வான் தானாக ஒரு கட்டம் நகர்ந்தது. “இது கணக்கில்லை, இது கணக்கில்லை!” என்று அஸீம் கத்தினான். கணக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

பிறகு சாமான் அறைப் பக்கம் போய், சிவப்புப் படை எட்டே சுற்றில் அழிந்த விஷயத்தைக் கொஞ்சம் உரத்துச் சொன்னேன். அஸீம் அதை எப்படி நடத்தினான் என்றும் சொன்னேன்.

ஜூன் 18, வியாழன்

சோமபால தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றார். “பார்க்கத்தான் வந்தனான்” என்று கதவு நிலையைப் பார்த்துச் சொன்னார். பத்து நிமிடத்தில், “அந்த ஆளை அங்க விடாதே, அஸீம்!” பன்னிரண்டாவது நிமிடம் கதிரையில்.

ஜூன் 22, திங்கள்

இரண்டு பேரும் மேசையில். ஆனால் நேரே ஒரு சொல் இல்லை.

“அஸீம், நீலக்காரரை இடப்பக்கம் போகச் சொல்லு.”

“அஸீம், சிவப்புக்காரர் முன்னால போனாப் பிறகு போறன் எண்டு சொல்லு.”

இருவருக்கும் நடுவில் இரண்டடி மேசை. அஸீம் தபாற்காரன் மாதிரித் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து நோகிறது என்றான். கவ்வான் ஆறு பேரையும் தின்றது.

ஜூன் 25, வியாழன்

செவ்வாயும் ஆறு பேர். இன்றும் ஆறு பேர். இந்தக் கிழமை மட்டும் பதினெட்டு. எனக்கு இது பிடித்துப்போனது என்பதை எழுதாமல் விட்டால் இந்தப் புத்தகம் எதற்கு? அவர்களைச் சேர்க்கத் தொடங்கியவள், எப்படித் தின்னலாம் என்று சைக்கிளில் வரும் வழியெல்லாம் யோசிக்கிறேன்.

கவ்வானைக் கொல்ல ஒருவனை இரை கொடுக்க வேண்டும். யார் கொடுப்பது? இவர் அவருடைய ஆள் போகட்டும் என்று பின்னால் நிற்கிறார். அவரும் அப்படியே.

ஜூன் 26, வெள்ளி

நீல ஆளை எடுத்து என் பக்கம் வைத்தேன், சிரித்துக்கொண்டேதான் வைத்தேன். தவராசா அண்ணை எழும்பினார்.

“எப்பவும் எங்கட ஆள்தான் இரையோ? சரி, தின்னட்டும்.”

அது விளையாட்டைப் பற்றிச் சொன்னது இல்லை. அறையில் எல்லோருக்கும் விளங்கியது. சோமபால தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்துவிட்டேன் நான்? ஆறவிட்டிருந்தால் தானாக ஆறியிருக்கும். குணேஸ்வரி, உனக்கு ஏன் இந்த வேலை? ஆர் கேட்டது உன்னை? வீட்டுக்கு வந்து அழுதேன். பட்டி மிருகத்தைப் பிசைந்து உருண்டையாக்கப் போனேன். கை வரவில்லை.

ஜூன் 29, திங்கள்

ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். தவராசா அண்ணை யன்னலோடு. சரியாகப் பன்னிரண்டரைக்குச் சோமபால வந்தார். வரைபடத்தைத் தானே விரித்தார். சிவப்பு ஆள் ஒன்றை எடுத்துக் கவ்வானின் பக்கத்துக் கட்டத்திலேயே வைத்தார்.

“இந்த முறை என்ட ஆள் போறான். அவருக்குச் சொல்லு, அஸீம்.”

அஸீம் யன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் கவ்வானைத் தூக்கவேண்டிய முறை, தூக்கவில்லை. தவராசா அண்ணை யன்னலில் இருந்து எழும்பி வந்தார். சிவப்பு ஆளை ஒரு விரலால் இரண்டு கட்டம் பின்னால் இழுத்துவிட்டார்.

“உனக்கென்ன விசரே, சோமே? ஆள் வேண்டாம்.”

நாற்பது நாளுக்குப் பிறகு முதல் சொல்.

“தம்பியின்ட விசயம் எனக்குத் தெரியாது, தவம்.”

“உனக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும். ஆரிலயாவது கோவிக்கத்தானே வேணும். நீதான் கிட்ட இருந்தனி.” கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். “உன்ட சாமான் வண்டியில என்ன கிடக்கு?”

“அரிசி, பருப்பு, டின் மீன்.”

“அதைத் தின்னட்டுமே.”

என்னதான் இருந்தாலும் நடுவர் நடுவர்தானே. “வண்டியைத் தின்னலாம் எண்டு விதியில இல்லை,” என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரம் என் பக்கம் திரும்பினார்கள். “எந்த விதியில?”

ஜூன் 30, செவ்வாய்

என் மேசையில் ஒரு மனு. அஸீம் தட்டச்சு அடித்தது, நீளத் தாளில், ‘எழுதுவினைஞர் அஸீம் ஊடாக’ என்று ஒழுங்காக:

‘கவ்வான் எனப்படும் மேற்படி பிராணி, எமது படையினர் பதினெண்மருக்கு மேற்பட்டோரை உரிய அனுமதியின்றி உட்கொண்டுள்ளமை தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. சாமான் வண்டியும் அசையும், அசைவது அதிரும், அதிர்வதை மேற்படி பிராணி உண்ணும். ஆகவே வண்டியை உணவாக ஏற்று ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.’

கீழே இரண்டு கையெழுத்து, பக்கத்தில் பக்கத்தில். தாளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய் ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு வந்து ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். உடனே கொடுத்துவிட்டால் என்ன மரியாதை?

ஜூலை 2, வியாழன்

மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏழாவது சுற்றில் கவ்வான் வண்டியை விழுங்கியது. மூன்று சிவப்பும் இரண்டு நீலமும் சேர்ந்து சுட்டன. என் பிள்ளை செத்துப்போனது, வயிறு நிறைய டின் மீனோடு. உண்மையாகவே கவலையாக இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் மேசையில் அடித்துச் சிரித்த சிரிப்பில், மேல்மாடியில் இருந்து எங்கள் கந்தோர்ப் பொறியியலாளர் ஐயா இறங்கி வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்.

அடுத்த மிருகம் பறக்கும் என்று எச்சரித்திருக்கிறேன்.

ஜூலை 6, திங்கள்

மத்தியானம் சாப்பாட்டுப் பொதியோடு போனால் அறைக்கதவு சாத்தியிருந்தது. அஸீம் குறுக்கே நின்றான்.

“உள்ளுக்கு ஏலாது, அக்கா. திட்டம் போடுகினம். நீங்க எதிரி.”

“அடே, நான் எங்க இருந்து சாப்பிடுறது?”

உள்ளே கேட்டுவிட்டு வந்தான். “ஆள் வரக் கூடாதாம். என்ன கறி எண்டு கேக்கினம்.”

சூடை மீன் குழம்பு என்றேன். அது மட்டும் உள்ளே வரலாமாம். குழம்பைக் கொடுத்தேன். கதவு திரும்பச் சாத்தியது. சோமபால ஏதோ சொல்ல, தவராசா அண்ணை வாயில் சோற்றோடு சிரிப்பது கேட்டது. நான் வாசற்படியில் இருந்து வெறும் சோற்றைத் தின்றேன். சிரித்ததில் இரண்டு தரம் புரைக்கேறியது.